மூடியில்லாத சிலிண்டர்

நீராவி இயந்திரத்தைச் செய்தவர் ஓர் இரும்பு வியாபாரி, அவருக்கு இயற்பியல் தேவைப்படவில்லை, ஆகவே இயற்பியல் பொறியியலுக்கு வழிகாட்டியது என்பது பேராசிரியர்கள் கட்டிவிட்ட கதை. சென்ற இதழில் நண்பர் எழுதிய நீண்ட கட்டுரையைப் பிழிந்தால் தேறுவது இவ்வளவுதான்.

தாமஸ் நியூகோமன் இரும்பு வியாபாரி என்பது சரி. கட்டுரையில் சரியாக இருப்பதும் ஏறக்குறைய அது ஒன்றுதான். 1712-இல் இங்கிலாந்தின் டட்லி அருகே சுரங்கத்தில் நீர் இறைத்த அந்த இயந்திரத்தின் படத்தை நண்பர் பார்த்ததாகத் தெரியவில்லை. பார்த்திருந்தால் நீராவி பிஸ்டனைத் தள்ளியது என்று எழுதியிருக்க மாட்டார். அந்தச் சிலிண்டருக்கு மேலே மூடியே கிடையாது. உள்ளே நீராவி நிறைந்ததும் குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி நீராகிச் சுருங்கும். பிஸ்டனுக்கு அடியில் ஏறக்குறைய வெற்றிடம். மேலிருந்து காற்று பிஸ்டனை அமுக்கும். பிஸ்டனோடு பிணைந்த உத்தரத்தின் மறுமுனை பம்புத் தண்டைத் தூக்கும். உழைத்தது காற்றின் அழுத்தம். அப்படியோர் அழுத்தம் உண்டென்று சொன்னது எந்தப் பட்டறை?

உறிஞ்சு பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது என்பது தொழிலாளிகளுக்குத் தெரியும். காரணம் தெரியாது. கலிலியோவும் 1638-இல் தப்பான காரணத்தைத்தான் சொன்னார்: நீர்த்தம்பம் தன் எடை தாங்காமல் அறுந்துபோகிறதாம். அவருடைய உதவியாளராக இருந்த டோரிசெல்லி, காற்றே நீரைத் தாங்குகிறது என்றார். அப்படியானால் நீரைவிட 13.6 மடங்கு கனமான பாதரசம் அதற்கேற்பக் குறைந்த உயரத்தில்தான் நிற்க வேண்டும். நின்றது, சுமார் 76 செ.மீ. உயரத்தில்.

அறிவியல் முறை என்பதே தட்டிப்பார்த்துத் திருத்தும் தொழிலாளியின் பழக்கம்தான் என்கிறார் நண்பர். உயரே போனால் காற்றின் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்க, 1648 செப்டம்பர் 19 அன்று இயற்பியலாளர் பாஸ்கலின் மைத்துனர் பெரியே, பாதரசக் குழாயோடு பிரான்சின் பியூய் தெ தோம் மலையேறியதை எதில் சேர்ப்பார்? மலையுச்சியில் பாதரசம் 8 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தது. நம்பாமல் இடம் மாற்றி மாற்றி அளந்தார்: காற்றில், மறைவில், அங்கிருந்த சின்னக் கோயிலுக்குள். அதைவிட முக்கியம், அடிவாரத்து மடத்தில் அவர் விட்டுவந்த இன்னொரு குழாய். நாள் முழுதும் ஒரு துறவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், மட்டம் அசையவில்லை. உச்சியில் இறங்கியதற்கு அன்றைய வானிலை காரணமல்ல என்று சொல்ல அந்த அசையாத குழாய் வேண்டியிருந்தது. இது தட்டிப்பார்ப்பதா?

அப்புறம் ஜெர்மனியில் கெரிக்கே, பிஸ்டனுக்கு அடியிலிருந்த காற்றை எடுத்துவிட்டு, கயிற்றைப் பிடித்திருந்த ஆட்களையே இழுக்கவைத்துக் காட்டினார். 1690-இல் டெனி பாப்பன் அதே வெற்றிடத்தை நீராவியைக் குளிரவைத்து உண்டாக்கும் வழியை அச்சிலேயே வெளியிட்டார். பாப்பன் செய்தது சின்ன மாதிரிதான். அதைச் சுரங்கத்து வேலைக்கு ஆக்கிய கைத்திறன் நியூகோமனுடையது. அந்தப் பெருமையில் யாரும் பங்கு கேட்கவில்லை. பாப்பன் அச்சிட்டு 22 ஆண்டு கழித்து டட்லியில் ஓடிய இயந்திரத்துக்கு இயற்பியலோடு உறவே இல்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது.

இயந்திரம் முந்தி, இயற்பியல் பிந்தி என்று சொல்ல உருப்படியான ஆதாரம் ஒன்று உண்டு. வெப்பம் வேலையாக மாறுவதன் எல்லையைக் கார்னோ ஆராய்ந்து எழுதியது 1824-இல். நியூகோமன் இறந்து 95 ஆண்டு ஆகியிருந்தது. நண்பரின் கட்டுரையில் கார்னோவின் பெயரே இல்லை. அவர் தரப்பின் ஒரே நல்ல சாட்சியையும் நான்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.