கல்லறை இல்லாதோரின் உயிர்ப்பு



நம் தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கத்தில் நாள்தோறும் தவறாமல் அச்சாகும் வேண்டுதல் ஒன்றுண்டு. அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திப்போம் என்பதே அது. சைவக் குடும்பத்தார் தரும் அறிவித்தலிலும் அதைக் காண்கின்றோம். நம் கத்தோலிக்கக் குடும்பத்தார் தரும் அறிவித்தலிலும் காண்கின்றோம். அதில் குற்றம் காண்பதற்கில்லை. மரித்தோரின் ஆன்மாக்களுக்காக மன்றாடுவது திருச்சபையின் தொன்மையான வழக்கம். எனினும் மரணத்தின் முன் நிற்கும் கிறிஸ்தவர் அறிக்கையிட வேண்டியதில் அது பாதிதான். செபமாலையைத் தொடங்கும் வேளையில் நாம் சொல்லும் விசுவாசப் பிரமாணம் உடலின் உயிர்ப்பைப் பற்றிப் பேசுகின்றது. நம் பாட்டன் பாட்டிமார் அதைச் 'சரீர உத்தானம்' என்று மனனம் செய்தார்கள். சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை. ஆயினும், அந்த வரியைச் சொல்லும்போது அதன் பொருளை நிறுத்தி நிதானித்து எண்ணுவோர் நம்மில் எத்தனை பேர்?

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளுக்கென ஒதுக்கப்பட்ட மாதம். இரண்டாம் திகதி நம் சேமக்காலைகள் மெழுகுதிரி ஒளியால் நிறையும். புல் செதுக்கப்பட்டு, சிலுவைகளுக்கு வெள்ளை பூசப்பட்டு, குருவானவர் கல்லறைகளை மந்திரித்துச் செல்வார். அந்த நாளில் மெழுகுதிரியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே ஏற்றுவது என்று அறியாது நிற்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. 2004 டிசெம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்கள், போரின் இறுதி மாதங்களில் ஓடிய வழியிலேயே விட்டுவர நேர்ந்தவர்கள், 2020 இல் கொவிட் தொற்றின்போது குடும்பத்தார் அருகில் நிற்கவும் இயலாமல் எரியூட்டப்பட்டவர்கள், கடல் கடந்த நாட்டில் மாண்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள் என்று பலருக்கு நம் மண்ணில் ஒரு சிலுவையும் இல்லை. உடல் உயிர்க்கும் என்று திருவிவிலியம் போதிக்குமானால், உடலே கிடைக்காதவர்களின் நிலை என்ன? இக்கேள்வி அத்தகைய குடும்பங்களின் உள்ளத்தில் இருக்கின்றது. அது வாய்விட்டுக் கேட்கப்படுவதுதான் குறைவு.

உடலின் உயிர்ப்பு எக்காலத்திலும் எளிதாக ஏற்றுக்கொள்ளப்பட்ட போதனையன்று. ஏதென்ஸ் நகர மன்றத்தில் புனித பவுல் உரையாற்றியபோது கிரேக்கர் பொறுமையுடன் செவிமடுத்தார்கள். இறந்தோர் உயிர்ப்பது பற்றிய பேச்சு வந்தவுடன் சிலர் நகைத்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் 17ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். ஆன்மா அழியாது என்பதை அவர்களுடைய ஞானிகள் பலர் முன்னரே கூறியிருந்தனர். அழுகிப்போகும் இந்த உடலுக்குக் கடவுளின் திட்டத்தில் இடமுண்டு என்பதே அவர்களுக்கு நகைப்பாயிற்று. யூதருள் சதுசேயர் அதை மறுத்தார்கள். கொரிந்து நகரத் திருச்சபைக்குள்ளேயே அதை மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் எழுதப்பட்டது. இறந்தோர் உயிர்ப்பதில்லை என்றால் கிறிஸ்துவும் உயிர்க்கவில்லை. அப்படியாயின் நம் விசுவாசம் வீண் என்று அங்கே பவுல் முடிவுகட்டிக் கூறுகின்றார். நடுவழி ஒன்றை அவர் விட்டுவைக்கவில்லை.

பழைய ஏற்பாட்டில் இந்த நம்பிக்கை மெல்ல மெல்லவே தெளிவடைந்தது. மண்ணின் புழுதியில் உறங்குவோர் விழித்தெழுவர் என்று தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம் அறிவிக்கின்றது. அதனினும் உருக்கமான பகுதி, நம் கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரமாகும். அரசனின் கட்டளைக்குப் பணியாத ஏழு சகோதரர்கள் தாயின் கண்முன்னே ஒருவர்பின் ஒருவராகச் சித்திரவதை செய்யப்படுகின்றார்கள். மூன்றாமவரின் முறை வந்தபோது அவர் தம் நாவையும் கைகளையும் தாமாகவே நீட்டுகின்றார். இவற்றை விண்ணகத்திலிருந்து பெற்றேன், அங்கிருந்தே மீண்டும் பெறுவேன் என்பது அவருடைய உறுதி. பெயர் அறியப்படாத அந்தத் தாயோ, தன் வயிற்றில் இப்பிள்ளைகள் எவ்வாறு உருவானார்கள் என்பது தனக்கே தெரியாது என்கின்றாள். உயிரையும் மூச்சையும் கொடுத்தது தானல்ல, உறுப்புகளை ஒழுங்குபடுத்தியதும் தானல்ல. அதைச் செய்த கடவுளே திரும்பவும் தருவார் என்று அவள் பிள்ளைகளைத் தேற்றுகின்றாள். இறையியலாளர் பலர் பின்னாளில் நீண்ட நூல்களில் எழுதியதை, பிள்ளைகளை இழந்துகொண்டிருந்த ஒரு தாய் அந்த வேளையிலேயே சொல்லிவிட்டாள். எஞ்சியிருக்கும் எலும்பை வைத்துக் கடவுள் நம்மை உருவாக்கவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்கு, மீட்டெடுப்பதற்கு எச்சம் தேவைப்படுவதில்லை.

உயிர்த்த உடல் எத்தகையது என்ற கேள்விக்குப் பவுல் விதையின் உவமையால் விடையளிக்கின்றார். அவர் கோதுமை மணியைக் குறிப்பிட்டார். நமக்குப் பனங்கொட்டை இன்னும் நன்றாகப் பொருந்தும். பாத்தியில் புதைக்கும் அந்தக் கறுத்த கொட்டையைப் பார்த்து, அதற்குள் உயர்ந்தோங்கிய ஒரு மரம் இருக்கின்றதென்று பனையை முன்பு காணாத எவரும் ஊகிக்கமாட்டார். ஆனாலும் முளைப்பது அந்தக் கொட்டையே. வேறொன்று வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. அழிவுக்குரியதாய் விதைக்கப்படுவது அழியாததாய் எழுகின்றது. வலுவற்றதாய் விதைக்கப்படுவது வல்லமையுள்ளதாய் எழுகின்றது என்பதே பவுலின் போதனை. அங்கே அவர் கையாளும் 'ஆவிக்குரிய உடல்' என்ற சொற்றொடர் தமிழில் சிறிது தடுமாற்றம் தருவதுண்டு. நம் பேச்சு வழக்கில் ஆவி என்றால் பேயும் நினைவுக்கு வரும், நீராவியும் நினைவுக்கு வரும். பவுல் கருதியது புகைபோன்ற உருவத்தை அன்று. தூய ஆவியாரால் முழுமையாக இயக்கப்படும் உண்மையான உடலையே அவர் கருதினார்.

அந்த உடலுக்கு முன்மாதிரி உயிர்த்த ஆண்டவரின் உடல். அவர் சீடர் நடுவே நின்று, பொரித்த மீன் துண்டொன்றை வாங்கி அவர்கள் கண்முன் உண்டதை லூக்கா 24ஆம் அதிகாரத்தில் காண்கின்றோம். தோமாவுக்குத் தம் கைகளிலும் விலாவிலுமிருந்த காயங்களைக் காட்டினார். இலாசருக்கு நேர்ந்ததும் இதுவும் ஒன்றல்ல. இலாசர் பழைய வாழ்வுக்கே திரும்பினார். மீண்டும் ஒருநாள் இறக்க வேண்டியவராகவே கல்லறையை விட்டு வெளியே வந்தார். ஆண்டவரோ இனிச் சாவு தீண்டாத வாழ்வுக்குள் புகுந்தார். அவ்வாறு புகுந்தபோதும் காயங்களைக் களைந்துவிட்டுப் போகவில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தன. கட்டுவாப்பிட்டியில் உயிர்த்த ஆண்டவரின் திருவுருவத்தின் மீது மக்களின் இரத்தம் தெறித்தது. அந்த இரத்தத் துளிகளுடன் அவ்வுருவத்தைப் பாதுகாத்தவர்கள், காயங்களைச் சுமந்த உயிர்த்த உடல் எது என்பதைச் சொல்லாமலே சொல்லிவிட்டார்கள்.

இனி, உடல் கிடைக்காதோர் பற்றிய கேள்விக்கு வருவோம். அது இன்று புதிதாய் எழுந்த கேள்வியன்று. கி.பி. 177 இல், இன்றைய பிரான்ஸ் நாட்டிலுள்ள லியோன் நகரில், ஆயர் போத்தினுசும் பிளந்தினா என்ற அடிமைப் பெண்ணும் இன்னும் பலரும் விசுவாசத்துக்காக உயிர் நீத்தார்கள். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் ஆசியாவிலிருந்த சகோதரருக்கு அது குறித்து எழுதிய மடலை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் தம் நூலில் சேர்த்து வைத்திருக்கின்றார். மறைசாட்சிகளின் உடல்களை அடக்கம் செய்ய எவரும் அனுமதிக்கப்படவில்லை. ஆறு நாட்கள் அவை வெளியே கிடந்தன. பின்னர் எரிக்கப்பட்டன, சாம்பலும் ரோன் நதியில் வாரி எறியப்பட்டது. உயிர்ப்பின் நம்பிக்கையை இவர்களிடமிருந்து பறித்துவிட்டால் இவர்களுடைய துணிவும் போய்விடும் என்பதே கொன்றவர்களின் எண்ணம். சாம்பலும் எஞ்சாத பின் இவர்களுடைய கடவுள் எப்படி எழுப்புகின்றார் பார்ப்போம் என்று அவர்கள் ஏளனம் செய்தார்கள். அடக்கம் செய்ய இயலாமற்போனது தங்களுக்குப் பெருந்துயர் என்று அந்தக் கிறிஸ்தவர்கள் மடலில் ஒளிக்காமல் எழுதினார்கள். ஆனாலும் திருச்சபை அந்த மறைசாட்சிகளின் உயிர்ப்பை ஒருபோதும் ஐயுறவில்லை. நதி கொண்டுபோன சாம்பல் கடவுளின் கையை விட்டுப் போகவில்லை என்று அது விசுவசித்தது.

புலம்பெயர்ந்த உறவுகளை உடையவர்கள் புனித மோனிக்காவையும் நினைத்துக்கொள்ளலாம். ஆபிரிக்காவின் தகாஸ்தே நகரைச் சேர்ந்த அந்தத் தாய், தம் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட வேண்டுமென்று நெடுங்காலம் விரும்பி அதற்கான இடத்தையும் ஆயத்தம் செய்திருந்தார். ஆனால் 387 இல் இத்தாலியின் ஓஸ்தியா துறைமுகத்தில், ஊர் திரும்பும் வழியில் நோயுற்றார். உடலை எங்கே வேண்டுமாயினும் அடக்கம் செய்யுங்கள், ஆண்டவரின் பீடத்தில் என்னை நினைவுகூருங்கள் என்று மட்டும் மக்களிடம் கேட்டுக்கொண்டார். அந்நிய மண்ணில் கிடப்பது அச்சமாயில்லையா என்று வினவியவர்களிடம், கடவுளுக்கு எவ்விடமும் தொலைவில்லை, உலக முடிவில் என்னை எங்கிருந்து எழுப்புவது என்று அவருக்குத் தெரியாமற்போகாது என்று கூறியதாக மகன் புனித அகுஸ்தினார் எழுதியுள்ளார். பின்னாளில் அதே அகுஸ்தினார், மரித்தோருக்குச் செய்யும் கடமை பற்றி நோலா நகர் ஆயர் பவுலினுசுக்கு ஒரு சிறு நூல் எழுதினார். சிறப்பான அடக்கம் பெரும்பாலும் உயிரோடிருப்போருக்கு ஆறுதல். மரித்தோருக்கு உதவுவன திருப்பலியும் செபமும் தர்மமும் என்றார். அதற்காக உடலை அலட்சியம் செய்யலாம் என்றும் அவர் கூறவில்லை. தூய ஆவியார் நற்செயல்களுக்குக் கருவியாய்ப் பயன்படுத்திய உடல் அது என்று அதே நூலில் நினைவூட்டுகின்றார்.

எரியூட்டுவது பற்றியும் சில குடும்பங்களில் கலக்கம் உண்டு. 1963 முதல் திருச்சபை அதை அனுமதிக்கின்றது. உயிர்ப்பை மறுக்கும் நோக்கம் இருக்கலாகாது என்பதே நிபந்தனை. அடக்கம் செய்வதையே அது இன்றும் விரும்புகின்றது. சாம்பலைக் கடலிலோ காற்றிலோ தூவாமல் புனித இடத்தில் வைக்க வேண்டுமென்று 2016 இல் வெளியான அறிவுறுத்தல் கூறுகின்றது. தம் விருப்பமின்றி உறவினரின் உடலை நெருப்புக்குக் கொடுக்க நேர்ந்தவர்கள், அதனால் அவர்களுடைய உயிர்ப்புக்கு ஊறு நேர்ந்ததென்று மனம் நோக வேண்டியதில்லை.

மரணத்துக்கும் இறுதி நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆன்மா அழிவதில்லை. அது ஆண்டவரின் தீர்ப்பைப் பெறுகின்றது. தூய்மைபெற வேண்டியிருப்பின் நம் மன்றாட்டு அதற்குத் துணையாகின்றது. ஆண்டவருடன் இருக்கும் ஆன்மாக்களும் தங்கள் உடலின் மீட்பை இன்னும் எதிர்நோக்குகின்றன. அந்த நாளில் எல்லாரும் எழுவர் என்பதையும் யோவான் நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் மறைக்கவில்லை: நன்மை செய்தோர் வாழ்வு பெறவும் தீமை செய்தோர் தீர்ப்புப் பெறவும் எழுவர். ஆகவே பிறர் உடலுக்கு நாம் இழைத்தவையும் அந்த நாளில் வெளிவரும். காணாமலாக்கியவர்களுக்கும் அது பொருந்தும்.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளை மரித்தோர் பட்டியலில் எழுத மறுக்கும் தாய்மார் நம் பங்குகளிலும் இருக்கின்றார்கள். 2017 இல் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரின் கேள்விதான் அவர்களுடையதும். விசுவாசத்தின் பெயரால் அவர்களைக் கட்டாயப்படுத்த எவருக்கும் உரிமையில்லை. உயிர்ப்பின் நம்பிக்கை, விசாரணை வேண்டாமென்று சொல்வதற்கான சாக்கும் அன்று.

நவம்பர் இரண்டாம் திகதி குருக்கள் ஒவ்வொருவரும் மூன்று திருப்பலிகள் ஒப்புக்கொடுக்கலாம். முதலாம் உலகப் போரில் மாண்டவர்கள் எண்ணற்றுப் பெருகிய 1915 இல், திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் இவ்வனுமதியை உலகெங்குமுள்ள குருக்களுக்கு வழங்கினார். அவற்றுள் ஒன்று மரித்த விசுவாசிகள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுவது. அடையாளம் தெரியாமல் போர்க்களத்தில் கிடந்தவர்களும் அதில் அடங்கினார்கள். நம்மவர்களும் அதில் அடங்குவார்கள். சேமக்காலைக்குச் செல்லும்போது, தம் குடும்பத்துக்கெனக் கல்லறை இல்லாதவரை உங்களுடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே நடுவில் பெரிய சிலுவை இருக்குமாயின், அதன் அடியில் அவர் தம் மெழுகுதிரியை ஏற்றட்டும். மரித்தவர் என்று எழுத மனம் ஒப்பாத பெயரையும் பங்குத்தந்தையிடம் கொடுக்கலாம். திருப்பலியில் உயிரோடிருப்போரும் நினைவுகூரப்படுகின்றனர், மரித்தோரும் நினைவுகூரப்படுகின்றனர். அந்தப் பெயர் எந்த வரிசைக்குரியது என்பதை ஆண்டவர் அறிவார்.