லைன் போனால் விளையாட்டும் போச்சு

போன வாரம் ராத்திரி சாப்பிடும்போது பையன் ஆரம்பித்தான். "அப்பா, கம்ப்யூட்டரே வேண்டாம்ப்பா. மாசா மாசம் சந்தா கட்டினா போதும். கேம் எல்லாம் அவங்க சர்வர்ல ஓடும், நம்ம டிவியில படம் வரும்."

ஒரு வருஷமாக கேமிங் கம்ப்யூட்டர் கேட்டு நச்சரித்தவன். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களால் ராம் விலை எகிறியதும் நான் கையை விரித்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு லாரியில் ஒரு பெட்டி குறைந்தாலும் லாபம்தான். ஆனாலும் சட்டென்று சரி சொல்ல மனசு வரவில்லை. காரணம் என் உத்தியோகம்.

நான் பேங்கில் சேர்ந்த புதிதில் எங்கள் கிளைக்கென்றே மூலையில் ஒரு சர்வர் இருக்கும். ஊரில் டெலிபோன் செத்தாலும் பணம் போடலாம், எடுக்கலாம். பிறகு கோர் பேங்கிங் வந்தது. இன்றைக்குக் கொல்லங்கோட்டில் அப்பா போட்ட பணத்தை துபாயில் மகன் செல்போனில் பார்க்கிறார். அருமையான வசதி, மறுக்கவில்லை. ஆனால் நெல்லியாம்பதி மலைப் பக்கம் இடி இடித்து லைன் போனால், கையில் கட்டுக்கட்டாகப் பணம் இருந்தும் "லிங்க் இல்லை சார்" என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கிளவுட் கேமிங்கும் அதே கதைதான். பேங்க் கஸ்டமர் இரண்டு செகண்ட் பொறுப்பார், விளையாட்டு பொறுக்காது. நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 17 மில்லி செகண்ட். 1,000 கிலோமீட்டர் தள்ளி சர்வர் இருந்தால், ஃபைபரில் ஒளி போய்த் திரும்பவே 10 மில்லி செகண்ட் ஆகும். படத்தைச் சுருக்கி அனுப்பி விரிக்கிற நேரம் தனி. செஸ்ஸுக்குப் பரவாயில்லை. கார் ரேஸில் கை ஒரு பக்கம், கார் ஒரு பக்கம்! டேட்டா கணக்கும் பாருங்கள். நொடிக்கு 15 மெகாபிட் என்று வைத்தால் மணிக்கு கிட்டத்தட்ட 7 ஜிபி. தினம் 2 ஜிபி மொபைல் பேக் 18 நிமிஷத்தில் காலி.

இதைவிடப் பெரிய விஷயம், பொருள் யாருடையது என்பது. கூகுள் 2019 நவம்பரில் ஸ்டேடியாவை ஆரம்பித்தது. 2023 ஜனவரி 18-ல் மூடிவிட்டது. அங்கே வாங்கிய கேம்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, நல்ல மனசு. பேங்க் மூழ்கினால் 5 லட்சம் வரை டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. கேமுக்கு அப்படி என்ன இருக்கிறது?

சொந்தப் பெட்டி இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2014-ல் வந்த 'தி க்ரூ' கேமின் சர்வரை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31-ல் நிறுத்தியது. டிஸ்க் கையில் வைத்திருந்தவர்களும் விளையாட முடியவில்லை. ஆக, நெட் இல்லாமல் ஓடுவதுதான் நிஜமாகவே நம்முடையது.

அதனால் என் கட்சி இது: கிளவுட் துணைக்கு வரும், வீட்டுப் பெட்டியின் இடத்தைப் பிடிக்காது. பையனிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறேன். லீவில் ஒரு மாசம் சந்தா. எல்லாவற்றையும் ஆடிப் பார்க்கட்டும். எந்த கேம் மனசில் நிற்கிறதோ, அது ஓடுகிற அளவுக்கு ஒரு சாதாரணக் கம்ப்யூட்டர். ஊர் ஊராக வாடகை வீட்டிலேயே வளர்கிற பிள்ளை. அடுத்த மாற்றலில் லாரி ஏறும்போது, அவனுடையது என்று ஒரு பெட்டி கூட வரட்டுமே.

உங்கள் வீட்டில் எப்படி?