வரையத் தெரிந்தால் போதாது, குதிரையும் தெரிய வேண்டும்

வளர்த்த நாயின் படத்தையோ பூனையின் படத்தையோ ஓவியரிடம் சொல்லி வரைந்து வாங்கிச் சுவரில் மாட்டும் வழக்கம் நம் நகரங்களில் வேரூன்றிவருகிறது. குதிரை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். இது நல்ல செய்தி. ஆனால் கூடவே ஒரு களையும் முளைத்திருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்பும் புகைப்படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டு ஓவியமாக மாற்றி, கேன்வாஸ் துணியில் அச்சடித்து, தூரிகைத் தடம்போலத் தெரியும்படி மேலே பசையைத் தடவி, ‘கையால் வரைந்தது’ என்று விற்பவர்கள் வந்துவிட்டார்கள்.

இதில் வாங்குபவர் இழப்பது பணம் மட்டும் என்று நினைக்கக் கூடாது. லாப்ரடார் நாய் எப்படி இருக்கும் என்பது செயலிக்குத் தெரியும். இந்த வீட்டு லாப்ரடாருக்கு வலது காதின் நுனி கிழிந்து ஆறிய வடு இருப்பதை அது குறையாகக் கருதிச் சரிசெய்துவிடுகிறது. குதிரைப் படத்திலோ கடிவாள வார் கன்னத்தில் தொடங்கி, எதிலும் போய் மாட்டாமல் பிடரிமயிருக்குள் காணாமல் போகிறது. கிடைப்பது ஓர் இனத்தின் படம். வீட்டார் கேட்டதோ பத்துப் பன்னிரண்டு ஆண்டு கூட வாழ்ந்த ஓர் உயிரின் படம்.

செயலியைக் குறை சொல்லிவிட்டு ஓவியர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. மனிதருக்கு உருவப்படம் எழுதும்போது காட்டும் கவனத்தை விலங்குக்கு எழுதும்போது தளர்த்திவிடும் பழக்கம் அவர்களில் பலருக்கு உண்டு. இந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதை அறிய இங்கிலாந்தின் ஜார்ஜ் ஸ்டப்ஸைப் பார்க்க வேண்டும். லிவர்பூலில் 1724இல் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்தவர். 1756 வாக்கில் லிங்கன்ஷயரிலுள்ள ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணைவீட்டில் தங்கி, ஏறத்தாழ 18 மாதங்கள் குதிரை உடல்களை அறுத்துப் படித்தார். உடனிருந்து உதவியவர் மேரி ஸ்பென்சர். ரத்தத்தை வடித்துவிட்டு நாளங்களில் உருக்கிய கொழுப்பைச் செலுத்துவார். உடலை இரும்புக் கம்பியில் கொக்கிகளால் தொங்கவிட்டு, நடக்கும் குதிரைக்குக் கால்கள் எப்படி இருக்குமோ அப்படி நிறுத்துவார். பிறகு தோல், தோலுக்கடியில் தசை, அதற்கும் அடியில் இன்னொரு தசை என்று எலும்பு தெரியும்வரை ஒவ்வொரு அடுக்காக நீக்கி, ஒவ்வொன்றையும் வரைந்து குறிப்பெழுதுவார். ஒரே உடலோடு 11 வாரம் வரை வேலை செய்திருக்கிறார். அந்தப் படங்களைத் தகட்டில் வெட்டித்தர ஆள் அமையாததால் தாமே செதுக்கி, ‘குதிரையின் உடற்கூறு’ என்ற நூலாக 1766இல் வெளியிட்டார்.

அந்த அறிவு தூரிகைக்குள் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை லண்டன் நேஷனல் கேலரியில் காணலாம். பின்னாளில் இருமுறை பிரிட்டிஷ் பிரதமரான ராக்கிங்ஹாம் பிரபு, விசில்ஜாக்கெட் என்ற தம் பந்தயக் குதிரையை வரைய ஸ்டப்ஸை அமர்த்தினார். 1759இல் யார்க் நகரில் நான்கு மைல் பந்தயத்தில் 2,000 கினி வென்ற செவலைக் குதிரை அது. 1762 வாக்கில் வரையப்பட்ட படத்தின் உயரம் ஏறக்குறைய 2.9 மீட்டர். குதிரை முன்கால்களைத் தூக்கி, தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கிறது. அடிவயிற்றில் புடைத்த நரம்பைக்கூடப் பின்தொடரலாம். பின்னால் வெறும் மங்கிய மஞ்சள் பரப்பு. மேலே ஆளும் இல்லை, முதுகில் சேணமும் இல்லை. மரம், வானம், மாளிகை எதுவும் இல்லை. பணம் கொடுத்த பிரபுவின் பெருமைக்கு அதில் ஓர் அங்குல இடம்கூட ஒதுக்கப்படவில்லை. 1997இல் கேலரி இந்த ஓவியத்தை 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது.

ஒரு குறிப்பிட்ட விலங்கை வரையச் சொல்லி ஆணையிடுவது ஸ்டப்ஸுக்கும் முந்தைய வழக்கம். வெனிஸ் நாட்டுச் செல்வர் அன்டோனியோ ஜென்டானி 1548இல் யாக்கொப்போ பஸ்ஸானோவிடம் இரண்டு வேட்டை நாய்களை மட்டும் வரைந்து கேட்டார். மரக்கட்டையில் கட்டிப்போட்ட அந்த நாய்கள் இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முகலாய மன்னர் ஜஹாங்கீருக்கு 1621இல் ஒரு வரிக்குதிரை வந்துசேர்ந்தது. அதன் கோடுகள் யாரோ தீட்டிய சாயமாக இருக்குமோ என்ற ஐயம் எழுந்து, சோதித்துப் பார்த்துத் தெளிந்த பிறகு, அரசவை ஓவியர் மன்சூர் அதை வரைந்தார். அந்தப் படமும் லண்டனில், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நமக்கு அதைவிடப் பழைய சான்று இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான் ஒரு வீரன். அவன் உருவத்துக்குப் பக்கத்திலேயே, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்ற அதன் பெயரையும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். பெயர் வைத்து வளர்த்த நாய்க்கு உருவமும் செய்து வைக்க வேண்டும் என்று, கல் எடுத்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. செல்லப்பிராணிக்குப் படம் எழுதுவதை மேல்நாட்டு மோகம் என்று முகம் சுளிப்பவர்கள் ஒருமுறை எடுத்தனூர் போய்வரலாம்.

படம் சரியாக வருவதில் பாதிப் பொறுப்பு கேட்பவரைச் சேர்ந்தது. பெரும்பாலோர் நின்றபடி, கைப்பேசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து நாயைப் படமெடுக்கிறார்கள். கிட்டத்தில் வைத்து எடுப்பதால் மூக்கு பெருத்து, உடல் சிறுத்துப்போகும். அதை வைத்து எவ்வளவு தேர்ந்த கை வரைந்தாலும் அந்தக் கோணல் ஓவியத்திலும் ஏறும். தரையில் உட்கார்ந்து, நாயின் கண்மட்டத்தில், காலை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். குதிரை என்றால் பத்தடிக்கு மேல் தள்ளி நின்று, அதன் நடுவயிற்று உயரத்தில் கேமராவைப் பிடித்து, ஜூம் செய்து எடுப்பது நல்லது.

நிறத்தையும் வாயால் சொல்லி விட்டுவிடக் கூடாது. கறுப்புக் குதிரையின் முதுகில் வெயிலில் வானத்தின் நீலம் தெரியும், விலாவில் பழுப்பு தெரியும். வெறும் கறுப்பைக் குழைத்துப் பூசினால் குதிரை தகரத்தில் வெட்டியதுபோல் தட்டையாகிவிடும். அதன் கண்மணி படுக்கைவாட்டில் நீண்டிருக்கும். அவசரத்தில் அதற்கு வட்டமாகக் கண்மணி வைத்துவிட்ட ஓவியங்கள் நிறைய உண்டு. பார்த்தவுடன் ஏதோ பிசகு என்று தோன்றும், எதுவென்று சொல்ல வராது. சுழி இன்னொன்று. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் குதிரை வாங்க வருபவர்கள் சுழி பார்க்காமல் விலை பேச மாட்டார்கள். மேல்நாடுகளிலும் குதிரையின் அடையாளச் சீட்டில் சுழிகளைக் குறித்து வைக்கிறார்கள். நெற்றிச் சுழியை இடம் மாற்றிப் போட்டால், குதிரைக்காரர் கண்ணில் அது வேறு குதிரை.

கூடுமானால் ஓவியர் விலங்கை நேரில் பார்க்க வேண்டும். விலங்கு உட்காரச் சொன்னால் உட்காராது என்பது சாக்காகாது. டேவிட் ஹாக்னி 1990களில் ஸ்டான்லி, பூட்ஜி என்ற தம் இரண்டு டாக்ஸ்ஹண்ட் நாய்களை வரைந்தபோது, தாழ்வான ஓவியச் சட்டங்களை வீட்டிலேயே நிறுத்தி, வண்ணங்களைத் தயாராகக் குழைத்து வைத்துக்கொண்டார். நாய்கள் படுத்தவுடன் தொடங்குவார்; அவை எழுந்து போகுமுன் முடிக்கப் பார்ப்பார். உலகப் புகழ்பெற்ற ஓவியர் தம் நாய்களின் நேரத்துக்குத் தம்மை மாற்றிக்கொண்டார். ஆகவே பத்து நாளில் படம் வேண்டும் என்று நெருக்குவதும், பாதி வேலையில் விலையைக் குறைக்கச் சொல்வதும் முறையில்லை. முன்பணம், பென்சில் கோட்டுப்படத்தைப் பார்த்து ஒப்புதல், அதற்குப் பிறகே வண்ணம் என்ற வரிசை இருவருக்கும் பாதுகாப்பு.

சட்டத்திலும் ஒரு கண் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 17ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து வரையச் சொன்ன உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். பிரிட்டனில் இது நேர்மாறு. அங்கே உரிமை ஓவியருக்கு. தான் வரைந்த படத்தை அச்சட்டையாகப் போட்டு விற்கலாம் என்று நம்பும் இங்குள்ள இளம் ஓவியர் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்வது அவசியம். கையால் வரைந்ததா, அச்சா, செயலியின் உதவி எவ்வளவு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். உண்மையை எழுதித்தர மறுப்பவரிடம் வாங்கக் கூடாது.

நம் ஓவியர்களுக்கு விலங்குடல் கற்க வாய்ப்பு வேண்டும் என்றால் அதற்கு ஹார்க்ஸ்டோ வரை போக வேண்டியதில்லை. சென்னை எழும்பூர் பக்கத்து அரசு கவின்கலைக் கல்லூரியை 1850இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர். அங்கிருந்து சிறிது தொலைவில், வேப்பேரியில், 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓவியம் படிக்கும் மாணவர்கள் ஒரு பருவத்துக்கு வாரம் ஒரு நாள் அங்கே போய், எலும்புக்கூட்டையும் உடற்கூற்று மாதிரிகளையும் சிகிச்சைக்கு வரும் நாய்களையும் குதிரைகளையும் பார்த்து வரையலாம். இரண்டு கல்லூரி முதல்வர்களும் உட்கார்ந்து பேசினால், அடுத்த கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.