வயித்துல புள்ள இருக்கு, மாத்திரையை நிறுத்து!



காமர்ஸ் படிக்கிறவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். லாப நட்டக் கணக்கு பார்ப்பதுதானே எங்கள் படிப்பு. இதுவும் அப்படி ஒரு கணக்குதான்.

எங்கள் வைகை அணைப் பக்கம் ஒரு பெண் உண்டானால் வீட்டில் முதலில் நிற்பது பப்பாளி, அடுத்தது மாத்திரை. தலைவலி மாத்திரை என்றால் பரவாயில்லை. அல்சரேட்டிவ் கொலைடிஸ், குரோன் போன்ற குடல் அழற்சி நோய் உள்ள பெண்ணும் நிறுத்தினால்? அடங்கிக் கிடந்த நோய் கிளம்பும். இரத்தப் பேதி, சோகை, எடைக் குறைவு. கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் வாய்ப்பு கூடுவது நோய் தீவிரமாக இருக்கும்போதுதான்.

அமெரிக்காவில் டாக்டர் உமா மகாதேவன் தலைமையில் 2007-ல் தொடங்கிய 'பியானோ' ஆய்வு, சுமார் 1,490 கர்ப்பங்களைக் கவனித்தது. 2021-ல் வெளியான முடிவு: அசதயோப்ரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்ற மருந்துகளால் பிறவிக் குறையோ கருச்சிதைவோ அதிகரிக்கவில்லை. மெசலமினையும் கர்ப்ப காலத்தில் தொடரச் சொல்கிறார்கள். சல்ஃபாசலசின் என்றால் ஃபோலிக் அமிலம் கூடுதலாக வேண்டும்.

அதற்காக எல்லாமே பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. மெத்தோட்ரெக்சேட் கருவையே சிதைக்கும்; கருத்தரிக்கக் குறைந்தது 3 மாதம் முன்பே நிறுத்தியாக வேண்டும். ஆகவே கேள்வியைக் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று நம் ஊருக்கு ரொம்ப முக்கியம். இன்ஃப்ளிக்சிமாப் தாயிடமிருந்து குழந்தையின் இரத்தத்துக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும். அப்படிப்பட்ட ஒரு குழந்தை பிசிஜி ஊசிக்குப் பிறகு இறந்ததை 2010-ல் இங்கிலாந்து மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அதனால் அந்த ஊசியை 6 மாதமாவது தள்ளிப்போடச் சொல்கிறார்கள். இங்கோ பிறந்தவுடனே போட்டுவிடுவார்கள். தாய் சொன்னால்தானே நர்ஸுக்குத் தெரியும்?

சொல்ல விட்டால்தானே! கல்யாணத்தின்போதே பெண்ணின் நோயை மறைத்துவிடுகிறோம். பிறகு அவள் மாமியார் வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டும், அல்லது சாப்பிடாமலே இருக்க வேண்டும். என் கோபம் இந்த மறைப்பின் மேல்தான். பஸ் ஏறினால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குடல் டாக்டர் சொன்னதைப் பிரசவ டாக்டரிடமும் சொல்லி, கர்ப்பிணி அட்டையில் மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள். கணவர்மாரே, கூடப் போங்கள்.

மருந்தின் ஆபத்தை மட்டும் எழுதி நோயின் ஆபத்தை எழுதாத கணக்கு எந்தக் காலத்திலும் டேலி ஆகாது.