மஞ்சள் சதுரம்

‘பால்தானே சார், குழந்தைக்கு நல்லதுதானே!’ டிபன் பாக்ஸில் சீஸ் ஸ்லைஸை உரித்து வைக்கும் பெற்றோரின் நிரந்தர வசனம் இது. ஒரே ஒரு நிமிஷம். அந்த பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படித்திருக்கிறீர்களா?

அசல் சீஸுக்கு நாலே சாமான்கள். பால், உப்பு, பாலைத் திரிய வைக்கும் என்ஸைம், நல்ல பாக்டீரியா. மிச்ச வேலையைக் காலம் பார்த்துக்கொள்ளும். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜியானோ குறைந்தது 12 மாதம் கிடந்து பழுக்க வேண்டும். ஒரு கிலோ செடாருக்கே சுமார் 10 லிட்டர் பால் தேவை. உங்கள் தெருவின் பால் விலையால் பெருக்கிப் பாருங்கள். குடோன் வாடகையும், முடங்கிய முதலுக்கு வட்டியும் தனி.

ஸ்லைஸ் வேறு ஜாதி. 1911-ல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸை உருக்கி, சிட்ரேட் உப்பு சேர்த்து, சீக்கிரம் கெடாத ‘ப்ராசஸ்ட் சீஸ்’ செய்தார்கள். 1916-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் கிராஃப்ட் தன் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பது அந்த உப்புதான். தோசைக்கல்லில் ஸ்லைஸ் வழவழவென்று உருகும் ரகசியமும் அதுவே.

விஷமா? இல்லை. சட்டவிரோதமா? அதுவும் இல்லை. அப்புறம் என்ன பிரச்னை?

பெயர்தான்! ‘ப்ராசஸ்ட் சீஸ் ஃபுட்’ என்று போட, அமெரிக்கச் சட்டப்படி எடையில் 51 சதவிகிதமாவது சீஸ் இருக்க வேண்டும். மிச்சத்தில் தண்ணீர், பால் பவுடர், உப்பு, நிறம் எல்லாம் வரலாம். 2002-ல் கிராஃப்ட் சிங்கிள்ஸில் பால் புரதச் செறிவு கலந்திருப்பதால் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று அந்நாட்டு உணவுத் துறை எச்சரித்தது. கம்பெனி லேபிளில் பெயரை மாற்றிக்கொண்டது. வாங்குகிறவர்கள் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

நம் ஊரிலும் சட்டத்துக்கு சீஸ் வேறு, ப்ராசஸ்ட் சீஸ் வேறு, ‘அனலாக்’ வேறு. அனலாக்கில் பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்கூட இருக்கலாம். சட்டம் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் ‘சீஸ்’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டு, சீஸ் விலையில் தண்ணீரும் வாங்குகிறோம்.

ஸ்லைஸ் சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. ருசிக்குச் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஆனால், சத்துக்காக என்று காசு கொடுத்தால், எத்தனை சதவிகிதம் சீஸ், எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். பீட்ஸா கடையில், ‘இது எந்த சீஸ்?’ என்று வாய் திறந்து கேளுங்கள்.

கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நாம்? பாக்கெட்டையும் ஒரு தடவை திருப்பினால் என்ன?