வினைக்கொள்கையும் மருத்துவர் கடமையும்

"நோய் வினைப்பயன், வினைப்பயன் நுகர்ந்தே கழிதற்பாலது, ஆதலின் தீயொழுக்கத்தால் நோய் தேடிக்கொண்டார்க்கு மருந்து கொடாது விடுதல் குற்றமாகாது" எனச் சைவருட் சிலர் கூறுப. பல்லாவரத்தில் மருத்துவத் தொழில் புரியும் அன்பர் ஒருவர், நெற்றி நிறைய நீறணிபவர், எய்ட்ஸ் நோயாளரைத் தாம் தொடாமைக்கு இதனையே சாத்திரமாக எம்பால் எடுத்தோதினார். அக்கூற்று சித்தாந்தமன்றென்பதை ஈண்டு நிறுவுவாம்.

வினை சடம். அது தன்னைச் செய்தானைத் தானே அறிந்து சென்று பற்றமாட்டாது. அறிந்து கூட்டி ஊட்டுவான் இறைவன் ஒருவனே. இது நம் நூல் கற்கப் புகும் இளமாணாக்கனும் அறிந்தது. இன்னார்க்கு இவ்வளவு நுகர்ச்சியென அளப்பது சிவபிரான் செயலாயிருப்ப, நாடி பார்க்கவும் மருந்தளக்கவும் மட்டுங் கற்றார் ஒருவர் அவ்விருக்கையில் ஏறியமர்வது என்ன துணிவு! நோய் வினைவழி வந்ததெனின், அது தீரும் வாயிலும் அவ்வழியே வருமன்றோ? மருந்தை மறுத்த செயலோ, மறுத்தார்க்கே ஆகாமியமாய் ஏறும்.

அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், இறைவனது தண்டமும் கருணையே என்பதை விளக்க மருத்துவனையே உவமை கொண்டார். சில பிணிகளை அவன் கத்தியிட்டுத் தீர்ப்பான். சிலவற்றை இனியன ஊட்டித் தீர்ப்பான். இரண்டிடத்தும் தீர்த்தலே உண்டு. பிணியாளனைக் கைவிடுவான் அவ்வுவமையுள் எங்ஙனம் அடங்குவன்?

மதுரையில் தம் மடத்திலிட்ட தீயைப் பாண்டியன்பாற் செல்லுமாறு ஏவியவர் திருஞானசம்பந்தப் பிள்ளையாரே. அவன் வினையை அவரினும் அறிந்தார் யாவர்? அவரே சென்று, தந் திருக்கையால் நீறு பூசி, அவ்வெப்பினைத் தணித்தருளினார். கொடிமாடச் செங்குன்றூரில் அடியாரைக் குளிர்சுரம் பற்றியபோதும் வினையென்று வாளா இருந்திலர்.

அற்றேல், கணவனால் நோயுற்ற மனைவியும், தாய்வயிற்றிலேயே அதனைப் பெற்ற மகவும் செய்த தீயொழுக்கம் யாது? "முற்பிறப்பு வினை" என்றார் அன்பர். நன்று, அவர் தமது நீரிழிவுக்குக் காலையும் மாலையும் குளிகை உண்பது எவ்வினையை நுகர்ந்து கழித்தற்கோ?

அவர் இல்லத்துக்கு அணித்தே தாம்பரம் சானடோரியம் உளது. டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோயாளர்க்கென நிறுவிய அது, 1937இல் அரசினர் கைக்கு வந்தது. டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த பின்னர், பலர் கதவடைத்த நாளில், 1993 முதல் அந்நோயாளர்க்கு இடந்தந்தது அம்மருத்துவமனை. 2004 ஏப்ரலில் அரசு தொடங்கிய இலவசக் கூட்டுமருந்தும் ஆண்டுக் கிடைப்பதாயிற்று. அது கிருமியை அடியோடு ஒழிப்பதன்று. நாடோறும் தவறாதுண்பாரை நெடுங்காலம் வாழ்விப்பது. தீராநோயென்று தள்ளுவார்க்கு அச்சாக்கும் இன்றில்லை.

2017இல் இயற்றப்பெற்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இந்நோயாளர்க்கு மருத்துவம் மறுத்தலையும், அவர் இசைவின்றி நோயினைப் பிறர்க்கு வெளியிடுதலையும் விலக்குகின்றது. சட்டத்துக்கஞ்சி மருந்து கொடுத்துவிட்டு, மாலையிற் கோயிற் பிராகாரத்தில் "இன்னார்க்கு இன்ன நோய்" எனப் பேசித் திரிவாரும் உளர். அந்நாவில் திருவைந்தெழுத்தும் உடனிருக்குமோ என்பதை அவ்வன்பரே விடையிறுக்க.