சாந்து பூசாத சுவர்

லண்டனில் ஆண்டுதோறும் மே மாதம் செல்சி மலர்க் கண்காட்சி நடக்கிறது. 2022இல் அங்கே ஆகச் சிறந்த தோட்டமென்று பரிசு பெற்றதில் கத்தரித்த புல்வெளியும் இல்லை, வரிசைப் பாத்தியும் இல்லை. ஓர் ஓடை, அதன் குறுக்கே பீவர் என்ற நீர்விலங்கு கட்டியது போன்ற அணை, அது கடித்துத் தோலுரித்த குச்சிகள், முள்மரங்கள், சதுப்புச் செடிகள், பழம்பலகை நடைபாதை, ஒரு சிறு கொட்டகை, சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர். தென்மேற்கு இங்கிலாந்தின் நிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது போல லுலு உர்க்குவர்ட்டும் ஆடம் ஹன்ட்டும் அமைத்திருந்தார்கள். செல்சியில் இருவருக்கும் அதுவே முதல் தோட்டம். இதைத் தோட்டம் என்று எப்படிச் சொல்வது என்று பலர் சண்டைக்கு வந்தார்கள்.

எனக்கு அதில் ஐயமே இல்லை. அந்தக் கல்சுவர் ஒன்று போதும். இரண்டு முகமாகக் கல்லை அடுக்கி, நடுவில் சில்லுக்கல் நிரப்பி, இடையிடையே இரு முகத்தையும் பிணைக்க நீளக்கல் போட்டு, மேலே போகப் போக ஒடுக்கிக்கொண்டே போவார்கள். எடையும் சாய்வும் கொத்தனின் கைக்கணக்கும்தான் அதை நிறுத்துகின்றன. மழைநீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே விட்ட சந்தில் ரென் குருவி கூடு வைக்கும், தேரை குளிர்காலத்தைக் கழிக்கும், தனித்து வாழும் தேனீ முட்டையிடும். பார்வைக்குத் துப்புரவாக இருக்கட்டும் என்று யாராவது சிமெண்ட் பூசிவிட்டால் அத்தனை வீடும் ஒரே நாளில் அடைபட்டுவிடும்.

பீவர் அணையும் இதே மாதிரிதான். குச்சியும் சேறும் வைத்துக் கட்டிய அது ஒழுகும். ஒழுகுவதே அதன் பலம்; வெள்ளத்தை மறித்து, மெல்ல மெல்ல விடும். மென்மயிருக்காகவும் இறைச்சிக்காகவும், வாலடிச் சுரப்பியில் ஊறும் வாசனைப் பொருளுக்காகவும் வேட்டையாடி, சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டனில் இந்த விலங்கை ஒழித்துவிட்டார்கள். டெவன் மாவட்டத்து ஆட்டர் ஆற்றில் மறுபடி குடியேறிய பீவர்களை 2015 முதல் ஐந்தாண்டுகள் கவனித்தார்கள். அவற்றின் அணைகளால் கீழே ஈஸ்ட் பட்லி கிராமத்துக்கு வரும் வெள்ளத்தின் உச்சம் தணிந்ததை எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் அளந்து காட்டினார்கள். 2020இல் அரசு, அவை அங்கேயே இருக்கலாம் என்றது. பீவரும் கல்கொத்தனும் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்ததைப் போல ஒரு தோட்டத்தைக் காட்டியதற்காகவே அந்த இருவரையும் கொண்டாடலாம்.

ஐந்து நாள் கண்காட்சிக்கு லாரியில் கல்லும் மரமும் ஏற்றிவருவது சுற்றுச்சூழலுக்கு நல்லதா என்ற கேள்வி நியாயமானது. இந்தத் தோட்டத்துக்குப் பணம் தந்த ‘புராஜெக்ட் கிவிங் பேக்’ திட்டம், கண்காட்சி முடிந்ததும் தோட்டங்கள் நிரந்தரமான ஓரிடத்துக்குப் போக வேண்டும் என்றது. அது இல்லாமல் இந்தச் செலவை என்னால் ஏற்க முடியாது.

கூட்டம் பார்த்து வியந்தால் மட்டும் கல்சுவர் போன்ற கைவேலைகள் பிழைத்துவிடாது. ஹேசல் மரத்தில் முடையும் வேலிப் படலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஹேசலை அடியோடு வெட்டித் துளிர்க்கவிட்டால்தான் முடையத் தோதான நீளக் கம்புகள் கிடைக்கும். வெட்டிய இடத்தில் வெயில் விழும், பிரிம்ரோஸ் பூக்கும், பட்டாம்பூச்சி வரும். மறுபடி அடர்ந்த புதரில் டோர்மவுஸ் என்ற சிற்றெலி கொட்டை தின்று வாழும். படல் வாங்க ஆளில்லாமல் போனதும் வெட்டுவதை நிறுத்தினார்கள். தோப்பு இருண்டது, டோர்மவுஸும் அருகிவிட்டது. அதனால், செல்சிக்குப் போய்வருகிறவர்கள் வீட்டு வேலிக்குப் பிளாஸ்டிக் தட்டி வாங்காமல் முடைந்த படல் ஒன்று கேட்டு வாங்க வேண்டும். முடைகிறவருக்கு அடுத்த பருவத்துக்கும் கம்பு தேவைப்படும்.